முதல் கேனும் கடைசிக் கேனும்

என் சித்தி யார் வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அந்த வீட்டுப் பால் எப்போது கறந்தது என்று சொல்லிவிடுவாள். "நேத்து சாயந்திரப் பால்ல எனக்குக் காபி போடாதீங்க, தண்ணி போதும்" என்பாள். இதனால் எங்கள் வீட்டாரை யாரும் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் பால் இருக்கும் அறையைப் பூட்டிவிட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

அவளுக்குப் பால் மையத்தில் டெஸ்டர் வேலை. வரிசையில் வரும் ஒவ்வொரு கேனையும் திறந்து, திறந்த வேகத்தில் மூக்கை நீட்டுவாள். முதல் நொடியில் வரும் வாசனை உண்மை பேசும், அடுத்த நொடியிலேயே காற்றோடு சேர்ந்து பொய் சொல்லத் தொடங்கிவிடும் என்பது அவள் கட்சி. மாடு வெங்காயத்தாள் தின்றதா, கேனைக் காயவைக்காமல் மூடினார்களா, கறந்த கையில் பீடி நாற்றம் இருந்ததா, எல்லாம் அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும். நேரில் 'டெஸ்டரம்மா' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவள் பெயர் மூக்கு.

இந்த மூக்கு பிழைத்ததே பெரிய கதை. அதற்கு முன் ஏழு வருஷம் நகரத்தில் ஒரு செருப்புக் கம்பெனியில் அடி அட்டைக்குப் பசை தடவி, அந்த நெடியிலேயே குப்பை கொட்டியவள் அவள். விடுதியில் ஓர் அறைக்கு ஒன்பது பேர். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவாள், வந்தால் பாதி நாள் தூங்குவாள், மீதி நாள் என் தலையில் பேன் பார்ப்பாள். சாயங்காலம் நீலக் கட்டம் போட்ட துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். நான் அப்போதே அந்த வீட்டில்தான் இருந்தேன். அம்மா அப்பா இருக்கும் ஊரில் பள்ளிக்கூடத்தோடு எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல். தலைமையாசிரியரின் நாற்காலியைப் பற்றிய விஷயம். இங்கே வேண்டாம்.

அப்படி அவள் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பால் கம்பெனிக்காரர்கள் ஊரில் கூட்டம் போட்டார்கள். அதுவரை எங்கள் ஊரில் காலைப் பாலை மட்டும்தான் வாங்குவார்கள். சாயங்காலப் பாலை மறுநாள் வண்டி வரும்வரை வைத்திருக்க வழியில்லை, கெட்டுவிடும். கன்று குடித்தது போக மீதியை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் எல்லோரும் பாலாகவே குடித்துக்கொண்டிருந்தோம். "ஒரு குளிர்த்தொட்டி தர்றோம். ஆயிரம் லிட்டர் பிடிக்கும். ஆனா பால் சுத்தமா இருக்கணும். யாரு பொறுப்பு?" என்று கேட்டார்கள். ஆண்கள் எல்லோரும் கூரையில் பல்லி இருக்கிறதா என்று பார்த்தார்கள். கடைசி வரிசையிலிருந்து சித்தி எழுந்தாள்.

"நான் பொறுப்பு" என்றாள்.

சித்தப்பாவுக்கே அது செய்தி.

மூன்று வாரம் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தாள். குளிர்த்தொட்டி வந்தது. நீலக் கட்டப் பை பரணுக்குப் போனது. சாயங்காலப் பாலுக்கும் விலை வந்ததும், ஒரு மாடு வைத்திருந்த வீடுகளில் இரண்டாவது மாடு வந்தது, மாடே இல்லாத வீடுகள் கன்றுக்குட்டி பார்க்கக் கிளம்பின. ஒரே வருஷத்தில் வரிசையில் பதினெட்டாக இருந்த கேன்கள் நாற்பத்து மூன்று ஆயின.

அதற்கப்புறம் வெயில் காலம் வந்தது. கம்பெனி சூப்பர்வைசரும் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"உங்க தொட்டிப் பால் ஒரு மணி நேரம்கூட நீலம் தாங்கலைம்மா. மூணு மணி நேரம் தாங்கணும். இன்னும் மூணு வாரம் பார்ப்போம். இருபத்தோராம் நாள் சாம்பிள் எடுப்போம். அப்பவும் இப்படியே இருந்தா தொட்டியைக் கழட்டி அடுத்த ஊருக்குக் கொண்டுபோயிடுவோம். பன்னெண்டு ஊரு காத்திருக்கு."

நீலம் என்பது இதுதான். ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பால் எடுத்து, நீல மாத்திரை கரைத்த தண்ணீரைச் சிறிது விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்த வேண்டும். பால் நீலமாகிவிடும். பாலில் கிருமி அதிகமிருந்தால் அவை சீக்கிரமே நீலத்தைத் தீர்த்துவிடும், பால் மறுபடி வெளுத்துவிடும். எவ்வளவு நேரம் நீலமாக நிற்கிறதோ அவ்வளவு நல்ல பால். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்ட எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று மத்தியானம் சித்தி பரணிலிருந்து பையை இறக்கி, துவைத்து, கொடியில் போட்டாள்.

"எதுக்கு இப்போ பை?" என்றேன்.

"தூசி படிஞ்சிருக்குடி."

பரணில் இருந்த மற்ற எதற்கும் தூசி தட்டவில்லை. நான் கொடியில் தொங்கிய பையை ஒரு குத்து மட்டும் விட்டுவிட்டுப் போனேன்.

சித்தி வீடு வீடாகப் போனாள். மடியைக் கழுவுங்கள், கேனைக் கவிழ்த்துக் காயவையுங்கள், துணியைப் போட்டு வடிகட்டாதீர்கள். எல்லோரும் செய்தார்கள். ஒரு வீட்டில் மாட்டுக்கே தினமும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார்கள், அந்த வீட்டுக் கிழவர் பொறாமையில் இரண்டு நாள் பேசவில்லை. ஒரு வாரம் கழித்தும் தொட்டிப் பால் ஒன்றேகால் மணி நேரத்தில் வெளுத்தது.

சரி, யார் பால் என்று பார்த்துவிடுவோம் என்று சித்தி ஒவ்வொரு கேனிலிருந்தும் மாதிரி எடுத்து எங்கள் சமையலறையில் குழாய்களை நிறுத்தத் தொடங்கினாள். பானையில் வெந்நீர், அதில் வெப்பமானி, மேலே நான் அட்டையில் ஓட்டை போட்டுச் செய்த குழாய்த் தாங்கி. அந்த நாட்களில்தான் மீதமிருந்த நீலத் தண்ணீர் சித்தப்பாவின் சவரக் கிண்ணத்தில் எப்படியோ கலந்துவிட்டது. நரைத்த மீசை நீலமாகி, அதோடு அவர் வேலைக்கும் போய்விட்டு வந்தார்.

"யாரு செஞ்சது இது?" என்று கத்தினார்.

சித்தி நிமிர்ந்து அவர் மீசையைப் பார்த்தாள். "காலையிலேர்ந்து இன்னும் வெளுக்கலையா? நல்ல தரமான மீசை" என்றாள். பத்து நாளில் அவள் சிரித்தது அது ஒன்றுதான். அதனால் சித்தப்பா என்னை அடிக்கவில்லை.

நான்கு நாள் குழாய்களைப் பார்த்ததில் ஒரு வேடிக்கை தெரிந்தது. ஊரிலேயே நல்ல பால் லேட்டு மாமாவுடையது. ஊரிலேயே மோசமான பால் கண்டக்டருடையது.

இதில் என்ன வேடிக்கை என்று உங்களுக்கு விளங்க இரண்டு பேரையும் தெரிய வேண்டும். கண்டக்டர் முப்பது வருஷம் பஸ்ஸில் சீட்டுக் கிழித்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் இன்னமும் விசில் வைத்திருப்பார். மையத்தில் வரிசையை ஒழுங்கு செய்ய அவரை யாரும் நியமிக்கவில்லை, அவரே நியமித்துக்கொண்டார். மையம் ஆறு மணிக்குத் திறக்கும். அவர் கேன் நாலேகாலுக்கே முதல் இடத்தில் நிற்கும். பதினோரு வருஷமாக அந்த இடம் அவருடையது. அவர் தொழுவத்தில் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம்.

லேட்டு மாமா நேர்மாறு. ஏழு மணிக்கு மேல் எழுந்து, ஏழேகாலுக்குக் கறந்து, ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடிவருவார். ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், குனிந்து உள்ளே நுழைவார். தினமும் ஒரு காரணம் சொல்வார். ஒரே வாரத்தில் மூன்று முறை அவருடைய ஒரே அத்தை செத்துப்போனாள்.

"அந்த மனுஷன் பல்லு விளக்குறதே பத்து மணிக்கு! அவன் பால் நல்லதா, என் பால் கெட்டதா? ஏம்மா, மூக்குல சளி கிளி பிடிச்சிருக்கா?" என்று கண்டக்டர் மையத்தின் நடுவில் நின்று கேட்டார்.

"மூக்கு சொல்லலண்ணே, குழாய் சொல்லுது."

"குழாய் கெட்டுப்போச்சு!"

சித்தி அன்று முழுவதும் குழாய்களுக்கு முன்னால் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்தெந்தக் குழாய் எத்தனை நிமிஷம் நின்றது என்று எழுதிய தாளை மடக்கினாள், பிரித்தாள். திடீரென்று என்னைப் பார்த்து, "ஏண்டி, காலையில கேன் எந்த வரிசையில நின்னுச்சு, சொல்லு பாப்போம்" என்றாள்.

வரிசை எனக்கு மனப்பாடம். யார் கேனுக்குள் எப்போது என்ன போடலாம் என்று நோட்டம் விட்டே பழகியவள் நான். சொல்லச் சொல்ல அவள் குறித்தாள். முதலில் நிற்பவர் பால் முதலில் வெளுத்திருந்தது. இரண்டாவதாக நிற்பவர் பால் இரண்டாவதாக. பின்னால் போகப் போக நீலம் நீண்டுகொண்டே போனது.

"மாடும் இல்ல, கையும் இல்ல" என்றாள் சித்தி. "இந்தப் பால் காத்துக் கிடந்தே கெட்டுப்போகுதுடி."

எங்கள் ஊரில் வரிசையில் ஆள் நிற்பதில்லை, கேன்தான் நிற்கும். கறந்த பாலைக் கொண்டுவந்து இடம் பிடித்துவைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் மற்ற வேலைகளை முடித்துக்கொண்டு ஆறு மணிக்கு வருவார்கள். முன்பெல்லாம் ஐந்தரைக்குத்தான் வைப்பார்கள். ஒருவர் ஐந்தேகாலுக்கு வைத்தார், அடுத்தவர் ஐந்துக்கு வைத்தார், போட்டி பின்னோக்கியே ஓடியது. குளிர்த்தொட்டி வந்த பிறகு இன்னொரு பேச்சும் கிளம்பியது. முதலில் ஊற்றும் பாலுக்குத்தான் குளிர் நன்றாகப் பிடிக்குமாம், போகப் போகத் தொட்டியில் குளிர் தீர்ந்துவிடுமாம். அதை நம்பி அந்த வெக்கையில் நாலு மணிக்கே பால் வந்து தெருவில் நின்றது.

சித்தி நேராகக் கண்டக்டர் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, ஒரே ஒரு நாள். நாளைக்கு நீங்க கடைசி, அவரு முதல்."

"நானா? கடைசியா?" கண்டக்டர் விசிலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பால் கெட்டதில்லன்னு நிரூபிக்க வேற வழி எனக்குத் தெரியலண்ணே."

அவர் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு, "அவனை எழுப்புறது யாரு? அதைச் சொல்லு முதல்ல" என்றார்.

அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. கண்டக்டரின் விசிலை இரவல் வாங்கிக்கொண்டு, விடியுமுன் நாலு மணிக்கு லேட்டு மாமாவின் ஜன்னலில் வாய் வைத்து ஊதினேன். என் வாழ்க்கையில் ஒரு பெரியவர் சொல்லி நான் செய்த முதல் குறும்பு அதுதான். மாமா கட்டிலிலிருந்து விழுந்து, "இறங்கிட்டேன், இறங்கிட்டேன், ரைட்டு!" என்று கத்தினார். அவர் மாடு அவரை விட அதிர்ச்சியடைந்தது.

இரண்டு கேன்களையும் சித்தியே கழுவிக் காயவைத்திருந்தாள். லேட்டு மாமாவின் கேன் நாலேகாலுக்கு முதல் இடத்தில் நின்றது. அவர் அதன் மூடியில் தலைவைத்துத் தூங்கினார். கண்டக்டர் ஏழு மணி வரை பால் கறக்காமல் தொழுவத்தில் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தார். ஏழேகாலுக்கு எல்லோருக்கும் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு கேனைத் தூக்கிவந்தார். யாரும் கேலி செய்யவில்லை. செய்யலாம் என்று நான் வாயைத் திறந்தேன், சித்தி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

எங்கள் சமையலறையில் இரண்டே குழாய்கள். மாமாவுடையதில் சிவப்பு நூல், கண்டக்டருடையதில் வெள்ளை நூல். ஊரில் பாதி எங்கள் சமையலறையில், மீதி ஜன்னலில்.

நாற்பது நிமிஷத்தில் சிவப்பு நூல் குழாய் அடியிலிருந்து வெளுக்கத் தொடங்கியது.

"ஐயோ, என் மாட்டைக் கெடுத்துட்டீங்களே! பாவி, தூங்குற மனுஷனை எழுப்பி!" என்று லேட்டு மாமா தலையில் கைவைத்தார்.

வெள்ளை நூல் குழாய் நீலமாகவே நின்றது. ஒரு மணி. இரண்டு மணி. கூட்டம் கலைந்து சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தது, அப்போதும் நீலம். கண்டக்டர் மட்டும் நகரவில்லை. ஜெயித்தவர் சிரிக்க வேண்டும் இல்லையா? அவர் முகம் விழுந்துபோயிருந்தது.

"அப்போ பதினோரு வருஷமா…" என்றார்.

"பால் நல்ல பால்தாண்ணே" என்றாள் சித்தி. "நீங்க கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டீங்க, அவ்வளவுதான்."

கண்டக்டர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். நான் அடுப்பை ஊதுவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுப்பு கேஸ் அடுப்பு.

காரணம் தெரிந்துவிட்டது, தீர்வு தெரியவில்லை. "இனி பாலைக் கறந்த கையோட கொண்டுவாங்க" என்று சித்தி சொன்னதும் தையல் கம்பெனிக்குப் போகும் அக்கா ஒருத்தி இடுப்பில் கைவைத்தாள்.

"ஆறே முக்காலுக்கு எனக்குப் பஸ்ஸு. எல்லாரும் ஒரே நேரத்துல வந்து நின்னா என் முறை எப்ப வரும்? பஸ்ஸை நீ பிடிச்சு நிறுத்தி வைப்பியா?"

"அரை மணி முன்னாடி, அஞ்சரைக்கே திறக்கிறேன்" என்றாள் சித்தி.

"அப்பவும் முன்னாடி இடம் வேணுமே. பால் இல்லாம இடத்தை எப்படிப் பிடிக்கிறது?"

கண்டக்டர் தொண்டையைச் செருமினார். அடுத்து அவர் சொன்னதைச் சொல்ல அவர் என்ன பாடுபட்டார் என்று அவர் பஸ்ஸில் போனவர்களுக்குத்தான் தெரியும்.

"துண்டு போடுங்க" என்றார்.

"என்ன?"

"துண்டு. ஜன்னல் வழியா சீட்டுல துண்டு போட்டு இடம் பிடிப்பாங்கல்ல. முப்பது வருஷம் அவங்களோட சண்டை போட்டேன். துண்டு போட்டா சீட்டு உனக்கான்னு கேட்டுக் கேட்டு என் தொண்டையே போச்சு." அவர் பெருமூச்சு விட்டார். "இப்போ நானே சொல்றேன். துண்டைப் போடுங்க. பால் மாட்டு மடியிலயே இருக்கட்டும்."

மறுநாள் மையத்தின் வாசலில் நாற்பத்து இரண்டு துண்டுகள், லேட்டு மாமாவுடையது மட்டும் இல்லை. காற்றடித்து ஆறு துண்டு பறந்தன. அதற்கடுத்த நாள் கனமான சாமான்கள் வந்தன. உடைந்த குடை, ஓடாத சுவர்க்கடிகாரம், தையல் அக்காவின் பழைய இஸ்திரிப் பெட்டி, யாரோ ஒருவரின் இடது கால் பூட்ஸ். கண்டக்டர் விசிலோடு அவற்றை நேராக நிறுத்தினார். "குடை, கொஞ்சம் உள்ள போ. பூட்ஸ், படிக்கட்டுல நிக்காதே" என்று அவர் அதட்டியதை நானே கேட்டேன். ஒரு நாள் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பூசணிக்காயை நான் முதலிடத்தில் வைத்தேன். அதன் சொந்தக்காரரை அவர் அரை மணி நேரம் தேடினார்.

எங்கள் வீட்டிலும் ஒரு மாடு உண்டு, வரிசையில் எங்களுக்கும் ஓர் இடம் வேண்டும். நான் கொடியிலிருந்த நீலக் கட்டப் பைக்குள் ஒரு செங்கல்லைப் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். சித்தி மையத்தைத் திறக்க வந்தவள் அதன் முன்னால் நின்றாள்.

"இது என் பைதானே?"

"ஆமா. இப்போ வரிசையில நிக்குது. எடுத்தா இடம் போயிடும்."

அவள் பையை அங்கேயே விட்டுவிட்டு ஷட்டரைத் தூக்கினாள்.

தொட்டிப் பால் இரண்டு மணி நேரம் நீலம் தாங்கியது, பிறகு இரண்டரை. இருபத்தோராம் நாள் வந்தது. எனக்கு என் ஊர்க்காரர்களைப் பற்றித் தெரியும் என்று நினைத்திருந்தேன், சித்திக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. நாலு மணிக்கே சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "வாடி, இன்னிக்குப் பரீட்சை. இவங்க சும்மா இருக்க மாட்டாங்க" என்றாள்.

போய்ப் பார்த்தால் குடையும் இல்லை, கடிகாரமும் இல்லை. முக்கியமான நாளாயிற்றே, பிந்திவிடக் கூடாதே என்று ஊரே நாலு மணிக்கு முன்னாலேயே கறந்து எடுத்துவந்திருந்தது! முப்பதுக்கு மேல் கேன்கள், அத்தனையிலும் பால். கண்டக்டர் முதல் இடத்தில் நின்றார். சித்தியைப் பார்த்ததும் கேனைத் தன் காலுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். இருபது லிட்டர் கேன்.

"தூக்கமே வரலம்மா" என்றார், பரீட்சையில் பிட்டோடு பிடிபட்டவன் மாதிரி.

சித்தி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஷட்டரைத் தூக்கி, தொட்டியை ஓடவிட்டு, கையைக் கழுவினாள். "வந்த பாலைத் திருப்பி மடிக்குள்ள விட முடியாது. இப்பவே ஊத்துங்க. ஒரு கேன்கூட நிக்கக் கூடாது. அண்ணே, விசிலை ஊதுங்க!"

கண்டக்டர் ஊதினார். பஸ் புறப்படுவது போல வரிசை நகர்ந்தது. அளவு எழுதுகிறவர் இன்னும் வரவில்லை, அதனால் நான் எழுதினேன். என் கையெழுத்தைப் பார்த்து அவர் பிற்பாடு அழுதது வேறு விஷயம். சித்தி ஒவ்வொரு மூடியாகத் திறந்து மோந்தாள், சரி, சரி, சரி என்று தலையை ஆட்டினாள். ஐந்து மணிக்குள் எல்லாப் பாலும் குளிருக்குள் போய்விட்டது. ஏழேகாலுக்கு ஒரு செருப்போடு லேட்டு மாமா ஓடிவந்தார்.

"அத்தை தவறிட்டாங்க" என்றார்.

"நீங்க மாறவே வேணாம்ணே" என்றாள் சித்தி, உண்மையாகவே.

காலையில் மாதிரி எடுத்துப்போன கம்பெனியிலிருந்து மத்தியானம் போன் வந்தது. சூப்பர்வைசர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. சித்தி, "சரி சார். சரி சார். எவ்வளவு நேரம் சார்? இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். வைத்துவிட்டு சமையலறைக்குப் போய், குழாய்களை ஒவ்வொன்றாகக் கழுவினாள். கழுவிய குழாய்களையே மறுபடியும் கழுவினாள்.

"என்னதான் சொன்னாரு?"

"நாலு மணி நேரம் பத்து நிமிஷம். தொட்டி இங்கதான் இருக்குமாம்." மூக்கை உறிஞ்சினாள். அந்த மூக்கு அப்படி உறிஞ்சி நான் கேட்டதில்லை.

"சளியா?" என்றேன்.

"போடி அந்தப் பக்கம்."

மறுநாள் விடியற்காலையில் எழுந்து பையைத் தேடினேன். கொடியில் இல்லை. பரணில் இல்லை. போச்சு, எங்கே கிளம்பிவிட்டாள் என்று செருப்புக்கூடப் போடாமல் மையத்துக்கு ஓடினேன்.

குடை நின்றது, கடிகாரம் நின்றது, இஸ்திரிப் பெட்டி நின்றது. அவற்றுக்கெல்லாம் முன்னால், முதல் இடத்தில், வயிற்றில் செங்கல்லோடு நீலக் கட்டப் பை நின்றது. எனக்கு முன்னால் சித்தி வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இரண்டாவது இடத்தில் ஒரு விசில் கிடந்தது. கண்டக்டர் அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, பையைக் கோபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.